கைதவறி விழாத சாக்லேட்

அமெரிக்க வீட்டுச் சமையலறைகளில் பிரவுனியையும் சாக்லேட் சிப் குக்கியையும் ஒரே தட்டில் அடுக்கிச் சுடும் இனிப்பு ஒன்று உண்டு. அடியில் பிரவுனி, மேலே குக்கி. இரண்டின் பெயர்களையும் ஒட்டவைத்து அதற்குப் 'புரூக்கி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். (அந்நாட்டுத் தூண்டில்காரர்களிடம் கேட்டால் புரூக்கி என்பது ஓடைகளில் வாழும் டிரௌட் மீன்வகை ஒன்றின் செல்லப்பெயர் என்பார்கள். அவர்களோடு நமக்கு வழக்கில்லை.) இலக்கியம் பேசும் இடத்தில் இனிப்புக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். செய்முறைக் குறிப்பும் ஒரு பிரதிதான் என்பது நம் கருத்து. அதற்கு ஆசிரியர் உண்டு, பதிப்புகள் உண்டு, பாடபேதங்கள் உண்டு, ஆசிரியரைப் பற்றிப் பிறர் கட்டிவிட்ட கதைகளும் உண்டு. அப்படிக் கட்டிவிடப்பட்ட ஒரு புகழ்பெற்ற கதை உண்மையாக இருக்க முடியாது என்பதற்கு இந்தத் தட்டே சாட்சியாக நிற்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கதை இதுதான். 1930களில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் என்னும் சிற்றூரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திவந்த ரூத் வேக்ஃபீல்ட் ஒருநாள் சாக்லேட் குக்கி செய்யப் புகுந்தார். சமையல் சாக்லேட் தீர்ந்துபோயிருந்தது. கையில் கிடைத்த நெஸ்லே சாக்லேட் கட்டியை உடைத்து மாவில் போட்டார். சூட்டில் உருகி மாவு முழுவதும் பரவிவிடும் என்று நம்பினார். பரவவில்லை, துண்டுகள் துண்டுகளாகவே நின்றன. உலகம் ஒரு புதிய குக்கியைப் பெற்றது. இதற்கு வேறு பாடங்களும் இருக்கின்றன. தீர்ந்துபோனது சாக்லேட் அல்ல, கொட்டைப்பருப்பு என்பது ஒன்று. மாவு பிசையும் இயந்திரத்தின் அதிர்வில் மேலடுக்கிலிருந்த சாக்லேட் கட்டிகள் தாமாகவே கலத்துக்குள் விழுந்தன என்பது இன்னொன்று. இந்த மூன்றாவது பாடத்தில் வேக்ஃபீல்டுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லாமற் போய்விடுவதைக் கவனிக்க வேண்டும். சாக்லேட்டும் அலமாரியும் இயந்திரமும் சேர்ந்து கண்டுபிடித்துக் கொடுக்க, அவர் வேடிக்கை பார்த்தவராகிறார்.

யார் இந்த ரூத் வேக்ஃபீல்ட்? 1903இல் பிறந்தவர். ஃபிரேமிங்ஹாம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் மனையியல் துறையில் பயின்று 1924இல் வெளிவந்தவர். உணவியல் வல்லுநராகப் பணியாற்றியவர். உணவு குறித்து விரிவுரை நிகழ்த்தியவர். 1930இல் கணவர் கென்னத்துடன் சேர்ந்து அந்த விடுதியைத் தொடங்கினார். அவர் எழுதிய சமையல் நூல் பல பதிப்புகள் கண்டது. அதன் 1938ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்தக் குக்கி 'டோல் ஹவுஸ் சாக்லேட் கிரஞ்ச் குக்கி' என்ற பெயரில் இடம்பெற்றது. 'சோதித்துத் தேறிய செய்முறைகள்' என்று பொருள்படும் தலைப்பைத் தன் நூலுக்குச் சூட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் 'ஏதோ கைக்குக் கிடைத்ததைப் போட்டார், நன்றாக வந்துவிட்டது' என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவரோ 1970களில் அளித்த ஒரு நேர்காணலில், ஐஸ்கிரீமுடன் தாம் பரிமாறிவந்த மெல்லிய கொட்டைப்பருப்புக் குக்கியை எல்லோரும் விரும்பியபோதும், விருந்தினர்க்கு வேறுபட்ட ஒன்றைத் தரவேண்டும் என்று முயன்றே இதை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் சொன்னபடியே இருக்க, கதை தன்போக்கில் நடந்துகொண்டிருந்தது. கேரலின் வைமன் என்னும் உணவு எழுத்தாளர் 2013இல் வெளியிட்ட நூலில்தான் இத்தற்செயல் கதைகள் ஒவ்வொன்றாக எடுத்து அலசப்பட்டன.

ஆவணங்களை விட்டுவிடுவோம். அடுப்பருகே நின்றே இந்தக் கதையைச் சோதித்துவிடலாம். இங்கேதான் பிரவுனி உள்ளே வருகிறது.

பிரவுனிக்கும் ஒரு தோற்றக் கதை உண்டு. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின்போது, மகளிர் பிரிவின் தலைவியாக இருந்த பெர்த்தா பால்மர், உணவுப் பொட்டலத்தில் வைத்துத் தரத்தக்க, கையில் ஒட்டாத ஓர் இனிப்பைத் தம் கணவரின் பால்மர் ஹவுஸ் விடுதிச் சமையற்காரர்களிடம் கேட்டார் என்பது அது. மெய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரத்து இல்லத்தரசி ஒருத்தி கேக்கில் பேக்கிங் பவுடர் போட மறந்துவிட்டதால் பிறந்தது என்பது மற்றொரு கதை. (இங்கும் ஒரு மறதி, இங்கும் ஒரு பெண்.) அச்சில் கிடைக்கும் தடயங்கள் வேறுவிதமானவை. ஃபேனி ஃபார்மரின் புகழ்பெற்ற பாஸ்டன் சமையற் பள்ளி நூலின் 1896ஆம் ஆண்டு முதற்பதிப்பில் 'பிரவுனி' என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அதில் சாக்லேட் இல்லை. மொலாசஸ் என்னும் கருமையான கரும்புப் பாகைச் சேர்த்துச் சிறு அச்சுகளில் சுடப்பட்ட பண்டம் அது. 1904ஐ ஒட்டிய உள்ளூர் சமையல் தொகுப்புகளிலும், ஃபார்மர் நூலின் 1906ஆம் ஆண்டுப் பதிப்பிலும் சாக்லேட் பிரவுனி வந்துவிடுகிறது. அந்தச் செய்முறை என்ன சொல்கிறது? சாக்லேட்டை உருக்கிச் சேர்க்கச் சொல்கிறது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. மாவு முழுவதும் சாக்லேட் நிறமும் சுவையும் பரவவேண்டுமானால் முதலில் அதை உருக்கித்தான் ஆகவேண்டும் என்பது சாக்லேட்டைக் கையாண்ட எவருக்கும் தெரியும். கட்டிச் சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் நம் உடல் சூட்டிலேயே இளகிவிடும் என்பது உண்மை. ஆயினும் இளகுவது வேறு, பரவுவது வேறு. அசையாத மாவுக்குள் பொதிந்த துண்டின் கொழுப்பு உருகினாலும், கொக்கோ துகளும் சர்க்கரைத் துகளும் அதைக் கிடந்த இடத்திலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. சுற்றியுள்ள மாவோ அதற்குள் இறுகி ஒரு சிறு கூடாக மாறிவிடுகிறது. ஆறியபின் துண்டு மீண்டும் துண்டாகவே உறைகிறது. கிளறாமல் எதுவும் கலக்காது. இதற்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலு முறை பிரவுனி சுட்டிருந்தால் போதும். பாஸ்டனுக்கு அருகில், மனையியல் படித்துப் பட்டம் பெற்று, விடுதி நடத்திய ஒருவர் ஃபார்மரின் நூலை அறியாதிருந்திருப்பார் என்றோ, உருக்காத சாக்லேட் தானாகப் பரவும் என்று நம்பியிருப்பார் என்றோ நினைக்க நம்மால் முடியவில்லை. துண்டு துண்டாக நிற்கவேண்டும் என்பதற்காகவே அதை அவர் உருக்காமல் விட்டார். அச்சான செய்முறையில், நெஸ்லே கட்டியைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக வெட்டச் சொல்கிறார். விபத்தை விவரிப்பவர் பட்டாணி அளவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆகவேதான் புரூக்கித் தட்டைச் சாட்சி என்றோம். ஒரே சாக்லேட், ஒரே தட்டு, ஒரே சூடு. கீழடுக்கில் உருக்கிக் கலக்கப்பட்டு, இருந்த இடம் தெரியாமல் மறைந்திருக்கிறது. மேலடுக்கில் உருக்காமல் விடப்பட்டுத் தனித்தனியே நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்பவருக்கு, ஒன்று மற்றொன்றாகத் தவறிப்போய் மாறிவிட வழியில்லை என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

செய்முறையைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் தற்செயலுக்கு இதில் எங்கும் இடமில்லை. கீழடுக்குக்கு 115 கிராம் வெண்ணெயையும் அதே அளவு கறுப்புச் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கிக்கொள்ள வேண்டும். அதில் 200 கிராம் சர்க்கரை, சூடு தணிந்தபின் 2 முட்டை, பிறகு 65 கிராம் மைதா, 25 கிராம் கொக்கோத் தூள், சிட்டிகை உப்பு. மைதா குறைவாக இருப்பதுதான் பிரவுனியின் பிரவுனித்தன்மை. சோடாவோ பேக்கிங் பவுடரோ இதில் கிடையாது. மேலடுக்குக்கு 115 கிராம் வெண்ணெயை 100 கிராம் பழுப்புச் சர்க்கரையோடும் 50 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடும் நுரைக்கக் குழைத்து, 1 முட்டை, 160 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, உப்பு சேர்த்து, கடைசியாக 150 கிராம் சாக்லேட் துண்டுகளைப் போட்டுப் பிசைய வேண்டும். பழுப்புச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையாக மாற்றிவிடக் கூடாது. அதிலுள்ள மொலாசஸ்தான் குக்கியின் ஈரத்தைக் காக்கிறது. அதன் புளிப்புத்தான் சோடாவுக்கு வேலை கொடுக்கிறது. வேக்ஃபீல்டின் செய்முறையில் கொட்டைப்பருப்பும் உண்டு. இந்நாளைய புரூக்கிக் குறிப்புகள் பலவற்றில் அது காணாமற்போய்விட்டது ஒரு குறை என்றே கருதுகிறோம். கடிக்கும்போது எதிர்த்து நிற்க ஏதாவது வேண்டாமா?

சிக்கல் இனிமேல்தான். பிரவுனிக் கலவை ஊற்றும் பதத்தில் இருக்கும். குக்கி மாவோ பிடித்தால் உருண்டையாகும் பதம். இளகிய குக்கி மாவை அப்படியே மேலே வைத்தால் அமிழ்ந்து, எது எங்கே இருக்கிறது என்று தெரியாத குழம்பல் மிஞ்சும். எனவே மாவை அரை மணி நேரமாவது குளிரவைத்து, தட்டைத் தட்டையான வில்லைகளாகத் தட்டி, ஊற்றிய பிரவுனியின் மேல் பரப்பவேண்டும். அடுத்தது நேரம். தனிக் குக்கிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். அது தட்டில் பரந்து மெலிந்து வேகிறது. இங்கே பரவ இடமில்லை. நான்கு சுவருக்குள் தடித்து நிற்கிறது. அடியிலிருப்பதோ முட்டை இறுகினால்தான் நிலைக்கும் ஈரக் கலவை. இரண்டும் ஒரே சமயத்தில் தயாராக வேண்டும். 23 செ.மீ. சதுரத் தட்டில், 175 டிகிரி செல்சியசில், 30 முதல் 35 நிமிடத்துக்குள் அந்தத் தருணம் வருகிறது என்பது நாம் செய்து பார்த்ததில் கண்டது. மேற்புறம் சிவந்துவிட்டது என்று அவசரப்பட்டு எடுத்தால் அடி கூழாக இருக்கும். அடி முற்றட்டும் என்று காத்திருந்தால் ஓரம் வறட்டியாகும். ஆளுக்கு ஆள் அடுப்பு வேறுபடும் என்பதால், குச்சியைக் குத்திப் பார்த்து, ஈரத்துணுக்குகள் ஒட்டி வருகையில் நிறுத்துவதே வழி.

இவ்வளவும் தெரிந்தபின்னும் தற்செயல் கதை ஏன் சாகாமல் இருக்கிறது? கேட்க இனிமையாக இருக்கிறது, சொல்ல எளிதாக இருக்கிறது என்பதெல்லாம் சரிதான். ஆனால் யாரைக் குறித்து இக்கதைகள் சொல்லப்படுகின்றன என்று பார்த்தால் வேறொன்றும் புலப்படுகிறது. பிரான்சின் லாமோத் பேவ்ரோன் ஊரில் விடுதி நடத்திய தத்தேன் சகோதரிகளின் தலைகீழ் ஆப்பிள் பணியாரத்துக்கும் இதே கதைதான்: அவசரத்தில் ஆப்பிளை அடுப்பில் மறந்துவிட்டார் ஸ்தெஃபனி தத்தேன். அந்த வட்டாரத்தில் தலைகீழாகச் சுடும் வழக்கம் முன்பே இருந்தது என்பதைக் கதை சொல்பவர்கள் பொருட்படுத்துவதில்லை. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து திரும்பியபோது தட்டில் பூஞ்சை படர்ந்திருந்ததும் தற்செயல்தான். உண்மையாகவே நிகழ்ந்த தற்செயல். ஆனால் அங்கே பூஞ்சையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைக் கவனித்த கண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் தற்செயல் நிகழ்ந்தால் அது மேதைமைக்குச் சான்றாகிறது. சமையலறையில் நிகழாத தற்செயலைக்கூட நிகழ்ந்ததாகச் சொல்லி, இருந்த அறிவை எடுத்துவிடுகிறார்கள்.

நம் மொழியிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. 'கைமணம்' என்கிறோம், 'கைராசி' என்கிறோம். புகழ்ச்சியாகத்தான் சொல்கிறோம். ஆயினும் பல்லாண்டுக் கவனிப்பையும் கணக்கையும் கைக்குள் அடக்கிவிட்டுத் தலைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத சொற்கள் அவை. ஒரு கவிஞரைப் பார்த்து 'உங்கள் கைராசி, யாப்பு அமைந்துவிட்டது' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்.

இதில் பணமும் இருக்கிறது. ஃபேனி ஃபார்மரின் நூலைப் பதிப்பகம் நம்பவில்லை. முதல் 3000 படிகளுக்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டார்; உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். நூல் தொடர்ந்து விற்று அவருக்குச் செல்வம் சேர்த்தது. வேக்ஃபீல்டின் குக்கி 1930களின் இறுதியில் பரவத் தொடங்கியபோது, செய்முறையைச் சாக்லேட் உறையில் அச்சிடும் உரிமையையும் டோல் ஹவுஸ் என்ற பெயரையும் நெஸ்லே பெற்றுக்கொண்டது. விலை ஒரே ஒரு டாலர் என்றும், அதுவும் கைக்கு வரவில்லை என்றும் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் சாக்லேட் இலவசம் என்பதும் அக்கதையின் பகுதி. உறுதியாகச் சொல்லத்தக்கது, 1940ஐ ஒட்டி நெஸ்லே வெட்டிய துண்டுகளாகவே சாக்லேட்டை விற்கத் தொடங்கியது என்பது. பட்டாணி அளவு என்று ஒருவர் எழுதிவைத்த ஒரு வரி அப்படியே ஒரு சரக்காகிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்கு வீட்டிலிருந்து போன பொட்டலங்களில் ஏறி அந்தக் குக்கி நாடு முழுவதும் போயிற்று. உறையைப் பார்த்துச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பாட்டியின் செய்முறை என்றார்கள். 2000இல் ஒளிபரப்பான 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் பகுதி ஒன்றில், பாட்டி வழிவந்த பரம்பரை இரகசியம் என்று போற்றப்பட்ட குக்கிச் செய்முறை கடைசியில் நெஸ்லே உறையில் இருந்ததுதான் என்று தெரியவரும். நல்ல நகைச்சுவைதான். ஆனால் அங்கும் சிரிப்பு பாட்டியோடும் உறையோடும் நின்றுவிடுகிறது. உறைக்குப் பின்னால் ஓர் எழுத்தாளர் இருந்தார் என்பது எவர் நினைவிலும் இல்லை.

சட்டமும் துணைக்கு வராது. பொருள்களின் பட்டியலுக்கும் வெறும் செய்முறைக்கும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருவதில்லை. 1996இல் தயிர் சார்ந்த சமையற்குறிப்புகள் குறித்த ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. இச்சட்டத்தை நாம் குறைகூற மாட்டோம். அளவுகளுக்குப் பூட்டுப் போட்டால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பாடல் பாடப்படுவதுபோல் செய்முறையும் செய்யப்பட்டே வாழ்கிறது. சட்டம் கேட்காத ஒன்றைப் படிப்பவர் கேட்கலாம் என்பதே நம் வாதம்: உரிமைத்தொகை வேண்டாம், ஒரு பெயரும், அந்தப் பெயருக்குரியவர் அறிந்துதான் செய்தார் என்ற ஒப்புதலும்.

மறுதரப்பை மறைக்க வேண்டியதில்லை. வேக்ஃபீல்ட் தம்பதியர் கதைகட்டுவதில் சளைத்தவர்கள் அல்லர். டோல் ஹவுஸ் என்ற பெயரும், 1709 என்று பலகையில் எழுதிய ஆண்டும் வாடிக்கையாளரை ஈர்க்கச் செய்த ஏற்பாடுகள். அக்கட்டடம் 1817இல் எழுந்தது. சுங்கச்சாவடியாக அது ஒருநாளும் இருந்ததில்லை. பழங்கதை வியாபாரத்துக்கு நல்லது என்பதை அறிந்தவர்தான் அவர். அவருடன் சேர்ந்து இக்குக்கியில் உழைத்த சூ பிரைட்ஸ் என்ற உதவியாளரின் பெயர் அவர் பெயரைவிடவும் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. சாக்லேட்டை உடைத்து மாவில் போடும் எண்ணம் அதற்குமுன் பூவுலகில் எவருக்கும் தோன்றவில்லை என்று சாதிக்கவும் நாம் வரவில்லை. நாம் மறுப்பது, அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தார் என்பதை மட்டும்தான்.

புரூக்கியின் நிலை வேறு. முந்திச் செய்தது நான்தான் என்று சொல்பவர்கள் இருக்கலாம். இரண்டு பிரபலமான பண்டங்களை ஒரு தட்டில் இடுவதற்கு ஒரே ஒருவர் வேண்டியதில்லை. பல சமையலறைகளில் பலருக்கும் தோன்றியிருக்கும். நாட்டார் பாடலுக்கு ஆசிரியரைத் தேடாததுபோல் இதற்கும் தேடாமல் விடலாம். இரண்டு இனிப்பை ஒன்றாக்குவது அமெரிக்கப் பேராசையின் அடையாளம் என்று சலித்துக்கொள்பவர்களோடும் நமக்கு முழு உடன்பாடில்லை. பொட்டலத்தில் கிடைக்கும் ஆயத்தக் கலவைகள் இரண்டிலும் செய்தது திகட்டலாகவே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கசப்பு மாறாத சாக்லேட்டும் போதிய உப்பும் சேர்த்து வீட்டில் செய்தது அப்படியிராது. ஈரமும் முறுகலும் ஒரே கடியில் அடுத்தடுத்து வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

விட்மன் விடுதியை 1960களிலேயே வேக்ஃபீல்ட் தம்பதியர் விற்றுவிட்டனர். 1977இல் ரூத் மறைந்தார். 1984ஆம் ஆண்டின் கடைசி இரவில் விடுதி தீப்பிடித்து எரிந்துபோயிற்று. 1997இல், சாமர்செட் ஊரின் மூன்றாம் வகுப்பு மாணவர்கள் முன்வைத்த கோரிக்கையை ஏற்று, மசாசூசெட்ஸ் மாநிலம் சாக்லேட் சிப் குக்கியைத் தன் அதிகாரபூர்வக் குக்கியாக அறிவித்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தான் உரிய காலத்தில் இரங்கற்குறிப்பு எழுதத் தவறியவர்களுக்காகத் தொடங்கிய வரிசையில், 2018இல் அவரைப் பற்றி எழுதியது. இறந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு.

தட்டுக்குத் திரும்பினால், அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டக்கூடாது. இரண்டு மணி நேரமாவது ஆறவேண்டும். இரவு முழுதும் மூடிவைத்தால் இன்னும் நல்லது, பிரவுனி இறுகிக் கத்தியில் ஒட்டாமல் வரும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துத் துடைத்து வெட்டினால் இரண்டு சாக்லேட்டும் வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரியும். 16 துண்டுகள் வரும். மூலைத் துண்டு நான்குதான் என்பதால் அவற்றை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.